மேசைக்கு அந்தப் பக்கம்

கஜேந்தினி இனத்துவக் கற்கையில் பட்டம் வாங்கிய செய்தி, ஒஸ்லோவில் தமிழர் நிறைய வாழும் புருசெத்தில் பரவியபோது, அவளுடைய அப்பா தவராசாவுக்கு இரண்டு வகையான தொலைபேசி அழைப்புகள் வந்தன. ஒரு வகையினர் வாழ்த்தினார்கள். மற்ற வகையினர் அது என்ன படிப்பு என்று கேட்டார்கள். வாழ்த்தியவர்களும் தொலைபேசியை வைப்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்டார்கள்.

தவராசா ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் மேற்பார்வையாளர். எதையும் நாலு சொல்லில் முடிக்கத் தெரிந்த மனிதர். இந்தப் படிப்பை மட்டும் அவரால் அப்படி முடிக்க முடியவில்லை. "அது வந்து... ஒரு நாட்டிலை கனவகைச் சனம் இருக்குதுதானே, அதுகள் ஏன் வந்ததுகள், எப்பிடி இருக்குதுகள் எண்டு..." என்று இழுப்பார். மறுமுனையில் இருப்பவர் மரியாதையாகப் பேச்சை மாற்றுவார். யேசுரட்ணம் மட்டும் மாற்றவில்லை. அவர் அதே கட்டடத்தில் மேல்மாடியில் இருப்பவர். மகன் பல்வைத்தியம் படித்துக்கொண்டிருந்தான். ஆகவே மற்றவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் படிப்பை விசாரிக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்திருந்தது.

"அப்ப இது எங்களைப் பற்றின படிப்போ அண்ணை?"

"ஓம், ஒரு வகையிலை."

"எங்களைப் பற்றி எங்களுக்குத் தெரியும்தானே. அதுக்கேன் மூண்டு வரியம்?"

தவராசா அந்தக் கேள்வியைச் சாப்பாட்டு மேசையில் மகளிடம் தள்ளிவிட்டார். அவள் புட்டைக் குழைத்துக்கொண்டே இருந்தாள். அந்தப் படிப்பை எடுத்ததற்கு அவளிடம் ஒரு காரணம் இருக்கத்தான் செய்தது. வெளியே சொல்ல வெட்கமான காரணம்.

மூன்று வயதில் நோர்வேக்கு வந்த நாள் முதலாக அவளை ஆட்கள் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பாலர் பள்ளியில், வீட்டில் கையாலா சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் ஆண்டுதோறும் ஏதோ ஓர் ஆய்வுக்காக ஒரு பெண் கோப்போடு வந்து, அவளையும் கறுத்தத் தலைமயிர் உள்ள இன்னும் சில பிள்ளைகளையும் மட்டும் நூலகத்துக்கு அழைத்துப்போய், இங்கே சந்தோசமாக இருக்கிறாயா என்று கேட்பாள். மே பதினேழு தேசிய நாள் ஊர்வலத்தில் சேலை கட்டிக் கொடியோடு நின்றால், பத்திரிகைக்காரர் ஓடி வந்து, இன்று நீ உன்னை என்னவாக உணர்கிறாய் என்று கேட்பார். பல்வைத்தியர் வாய்க்குள் இரும்பை வைத்துக்கொண்டு உங்கள் ஊரில் மழை எப்படி என்று கேட்பார். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவள், இந்தக் கேள்வி கேட்கிறவர்களை எங்கே தயாரிக்கிறார்கள் என்று தேடிப் பார்த்தாள். பல்கலைக்கழகத்தில் என்று தெரிந்தது. போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே ஒரு தடவையாவது மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, கையில் பேனையை வைத்துக்கொண்டு, "ம்ம், அதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள்" என்று இன்னொருவரிடம் சொல்ல வேண்டும். இதற்கு மேல் வேறு பேராசை அவளுக்கு இருக்கவில்லை.

பட்டதாரிகளை நடுத்தெருவில் விடுவதில்லை என்பது அவள் படித்த பன்மைக் கற்கைகள் நிலையத்தின் கொள்கை. ஆகவே படிப்பு முடிந்ததும் 'இனி எங்கே?' என்று ஒரு நாள் வைத்தார்கள். மண்டபம் முழுக்க வாஃபல் அப்பம் சுடும் மணம். அந்த நாட்டில் கெட்ட செய்தியை வாஃபல் இல்லாமல் சொல்வது மரியாதை அல்ல. சுவரில் பெரிய மரம் ஒன்றை வரைந்து, அடிமரத்தில் 'இனத்துவக் கற்கை' என்றும், கிளைகளில் ஆராய்ச்சி, அரச சேவை, தனியார் துறை என்றும் எழுதியிருந்தார்கள். மாணவர்கள் தங்கள் கனவை மஞ்சள் ஒட்டுத்தாளில் எழுதி இலையாக ஒட்ட வேண்டும். மரத்துக்கு நேர் கீழே வெப்பமூட்டி இருந்தபடியால் மத்தியானத்துக்குள் கனவுகள் எல்லாம் நிலத்தில் கிடந்தன. துப்புரவுக்கு வந்த பெண் அவற்றைக் கூட்டி அள்ளினாள்.

தொழில்வழி ஆலோசகர் தூர்பியோர்ன் கம்பளிச் சட்டையோடு மேடையில் ஏறினார்.

"இந்தப் பட்டத்தின் அழகு என்னவென்றால், இது உங்களை எந்த வேலைக்கும் தயார்படுத்துவதில்லை," என்றார். "அதாவது, எந்த ஒரு வேலைக்குள்ளும் உங்களை அடைத்துவைப்பதில்லை. கணக்கியல் படித்தவர் பாவம், கணக்காளராகத்தான் போக முடியும். நீங்கள் அப்படியல்ல. எங்கள் பட்டதாரிகள் எங்கே போகிறார்கள் என்று தொடக்கத்திலிருந்தே தேடிவருகிறோம். இன்றுவரை ஒருவரையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவ்வளவு தூரத்துக்குப் போயிருக்கிறார்கள்!"

எல்லோரும் கைதட்டினார்கள். கஜேந்தினியும் தட்டினாள். பிறகு கோப்பிக்கு வரிசையில் நிற்கும்போது அவரிடம், நீங்கள் என்ன படித்தீர்கள் என்று கேட்டாள்.

"இதே படிப்புத்தான்," என்றார் தூர்பியோர்ன் மகிழ்ச்சியாக. "இதைப் படித்தவர்களுக்கு வழி சொல்லும் வேலை அப்போது காலியாக இருந்தது."

"இப்போது?"

"இப்போது நான் இருக்கிறேன்."

தனியார் துறைக் கிளையின் கீழே ஒரு வங்கியின் ஆள் நின்றார். அவருக்குப் பின்னால் எல்லா நிறத்திலும் மனிதர்கள் சிரிக்கும் ஒரு பெரிய படம். எங்களிடம் பன்மை ஏற்கெனவே இருக்கிறது என்று படத்தைக் காட்டினார். இவர்கள் வங்கியின் எந்தக் கிளையில் வேலை செய்கிறார்கள் என்று கேட்டதற்கு, படத்தை வாங்கிய இடத்தில் விசாரித்துத்தான் சொல்ல வேண்டும் என்றார். அரச சேவைக் கிளையில் நின்ற பெண்ணிடம் ஓர் உண்மையான வேலை இருந்தது. சிறுபான்மைப் பெண்களை வேலை உலகத்துக்குள் கொண்டுவரும் பயிற்சி ஒன்று நகரத்தின் குறொன்லாண்டுப் பகுதியில் நடக்கிறது, அதற்கு உதவிப் பயிற்றுநர் தேவை என்றாள். கஜேந்தினி விண்ணப்பித்தாள். திங்கட்கிழமை காலையில் வரச் சொன்னார்கள்.

வாசலில் நின்ற பயிற்றுநர் அவளுடைய பெயரைக் கேட்டார். கேட்டதும் முகம் மலர்ந்தது. கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய், வட்டமாக உட்கார்ந்திருந்த பெண்களின் நடுவே ஒரு வெற்று நாற்காலியில் இருத்தினார்.

"மன்னிக்கவும், நான் உதவிப் பயிற்றுநர் வேலைக்காக..."

"எவ்வளவு அழகான நோர்வேஜிய மொழி!" என்று பயிற்றுநர் மற்றவர்கள் பக்கம் திரும்பிச் சொல் சொல்லாகப் பிரித்துச் சொன்னார். "கேட்டீர்களா? முயன்றால் முடியும்."

வேலையைப் பற்றிப் பயிற்சி முடிந்த பிறகு பேசலாம் என்றார்கள். முதல்நாள் கைகுலுக்கப் பழக்கினார்கள். மறுநாள் நேரம் தவறாமை பற்றிய பாடம். பயிற்றுநர் வந்த ரீ-பானே என்ற சுரங்க ரயில் பிந்திவிட்டதால் அது பத்து மணிக்கு மேல்தான் தொடங்கியது. அதற்கடுத்த நாள் மாத்பாக்கே, அதாவது வேலைக்குக் கொண்டுபோகும் பாண் பொட்டலம். ஒரு துண்டு பாண், அதன் மேல் மண்ணிறச் சீஸ், அதன் மேல் ஒரு மெல்லிய தாள், அதன் மேல் அடுத்த துண்டு. தாளை மறந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் சக ஊழியர்கள் மனதில் நம்மைப் பற்றி ஒரு கருத்து உருவாகும். பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய நாளிலிருந்து அந்தத் தாளை வைத்து வருகிற கஜேந்தினியின் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டி, இவருக்கு இது இயல்பாகவே வருகிறது என்று பாராட்டினார் பயிற்றுநர்.

வெள்ளிக்கிழமை வாசிப்புப் பயிற்சி. கொடுத்த தாள் எங்கேயோ பார்த்ததுபோல இருந்தது. அவளே இரண்டாம் ஆண்டில் எழுதிய கட்டுரை. இப்படிப்பட்ட பயிற்சிகள் படித்த பெண்களையும் குழந்தைப் பிள்ளைகளாக்குகின்றன என்று அதில் பக்கம் பக்கமாக வாதாடியிருந்தாள். நல்ல கட்டுரை என்று நிலையம் அதை இணையத்தில் போட்டிருந்தது.

"கடினமான சொற்களுக்குக் கீழே கோடு போடுங்கள்," என்றார் பயிற்றுநர்.

கஜேந்தினி தன்னுடைய சொற்களில் கடினமானவை எவை என்று பார்த்துக் கோடு போட்டாள். அன்று அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. நித்திரைதான் வந்தது.

பயிற்சியை முடித்துச் சான்றிதழோடு வீட்டுக்கு வந்தவளை அப்பா ஆவலோடு பார்த்தார்.

"இதுவும் ஒரு பட்டமோ பிள்ளை?"

"இல்லையப்பா. இது பாண் சுத்திறதுக்கு."

தவராசா சான்றிதழை வாங்கி, கண்ணாடியைப் போட்டு ஒருமுறை வாசித்துவிட்டு, கேட்டால் யேசுரட்ணத்துக்கு என்ன சொல்வது என்று யோசித்தார். பிறகு அதை அலமாரிக்குள் வைத்தார்.

இனி ஆராய்ச்சிக் கிளை ஒன்றுதான் மிச்சம். முதுநிலைப் படிப்பு. நிலையத்தில் அந்த ஆண்டு உதவித்தொகையோடு ஒரே ஒரு இடம் இருந்தது. கேள்வி கேட்கும் உரிமையை எழுத்தில் தரும் இடம் அது.

தேர்வுக் குழுவின் தலைவி ராங்ஹில். பெரிய பேராசிரியர். ஆனால் அங்கே படிநிலை கிடையாது, எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். மேசையும் வட்டமானது. வட்ட மேசைக்குப் பக்கங்கள் இல்லை என்று நிலையத்துக்கு வருகிற விருந்தாளிகளுக்கு எல்லாம் பெருமையாகச் சொல்வார்கள். குழுவினர் மூவரும் ஒரு புறமாக உட்கார்ந்தார்கள், கஜேந்தினி எதிர்ப்புறமாக உட்கார்ந்தாள். நடுவில் ஒரு மெழுகுதிரி எரிந்தது. வெளியே நல்ல வெயில்.

புருசெத்தில் தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு எப்படிப் படிப்பைத் தெரிவுசெய்கின்றன என்பதை ஆராயப் போவதாக அவள் சொன்னாள். ராங்ஹில் பேனையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அருமையான தலைப்பு. ஆனால் நீ மிகவும் நெருக்கமாக இருக்கிறாய். நீ அவர்களில் ஒருத்தி. உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்ததை எப்படி ஆராய முடியும்? என்னையே எடுத்துக்கொள். தமிழர்களைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. அதனால்தான் இத்தனை காலம் இந்தத் துறையில் நிலைத்திருக்க முடிந்தது."

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். கஜேந்தினி இதை எதிர்பார்த்து இன்னொரு தலைப்பையும் கொண்டுவந்திருந்தாள்.

"நோர்வேஜியரின் மலைக்குடில்," என்றாள்.

அவள் தொடர்ந்தாள். சுடுதண்ணீரும் வெப்பமூட்டியும் உள்ள வீட்டில் வாழ்கிற ஒரு சனம், வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆனதும் கூட்டம் கூட்டமாகக் கார்களில் கிளம்பி, தண்ணீரும் கக்கூசும் இல்லாத மரக்குடில்களுக்குப் போகிறது. அங்கே வாளியில் தண்ணீர் சுமக்கிறது. விறகு கொத்துகிறது. திங்கட்கிழமை திரும்பி வந்து, அது எவ்வளவு எளிமையாக இருந்தது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறது. குடிலுக்குள் யாரைக் கூப்பிடலாம், யாரைக் கூப்பிடக் கூடாது, தகப்பனுக்குப் பிறகு அது யாருக்கு என்று எழுதப்படாத சட்டங்கள் இருக்கின்றன. இந்தச் சடங்கை ஆராய வேண்டும். அவர்கள் மூன்று ஆண்டு கற்பித்த சொற்களை எல்லாம் அவள் ஒழுங்காகப் பயன்படுத்தினாள்.

"ஆனால் நாங்கள் ஓர் இனக்குழு அல்லவே," என்றார் ராங்ஹில்.

"அப்படியானால் நீங்கள் யார்?"

அவள் வாயிலிருந்து அது தற்செயலாக வந்துவிட்டது. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கேள்வி அவர்களுக்குப் புதிது.

"நாங்கள்... சாதாரணமாக இருக்கிறோம்," என்றார் ராங்ஹில் கொஞ்சம் யோசித்து. "குடிலுக்குப் போவது பண்பாடு அல்ல. அது ஓய்வு."

"நான் குடிலுக்குப் போவது நிம்மதியாக இருப்பதற்கு," என்றார் இடது பக்கத்தில் இருந்த தாடிக்காரர். "அங்கே ஒருவர் வந்து உட்கார்ந்து, நான் விறகு கொத்துவதையும் சாப்பிடுவதையும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தால் எனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாயா?"

கஜேந்தினி நினைத்துப் பார்த்திருக்கிறாள். சின்ன வயதிலிருந்தே நினைத்துப் பார்த்திருக்கிறாள்.

"அதோடு," என்று ராங்ஹில் அன்பாக முடித்தார், "இதிலிருந்து நீ மிகவும் தொலைவில் இருக்கிறாய். ஒரு விசயத்தைப் புரிந்துகொள்ள உள்ளே இருந்து பார்க்க வேண்டும்."

நெருக்கமாகவும் இல்லாமல் தொலைவாகவும் இல்லாமல் யாரைத்தான் ஆராயலாம் என்று அவள் கேட்டாள். குழு உண்மையிலேயே உதவ விரும்பியது. வலது பக்கத்தில் இருந்தவர், ஒஸ்லோக் கோப்பிக் கடைகளில் வேலைக்கு வந்திருக்கும் சுவீடன்காரரை ஆராயலாமே என்றார். அவர்கள் குடியேறிகள் அல்ல, சும்மா வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான் என்று தாடிக்காரர் மறுத்தார். இருவருக்கும் கருத்து ஒருமித்து வராததால் கூட்டத்தை முடித்தார்கள். ராங்ஹில் மெழுகுதிரியை ஊதி அணைத்தார்.

அந்த ஒரே இடம் சில்யே என்ற பெண்ணுக்குப் போனது. மேற்குக் கரையில் ஒரு பள்ளத்தாக்கிலிருந்து வந்தவள். நல்ல பிள்ளை. அவளுடைய தலைப்பு, புருசெத்தில் தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு எப்படிப் படிப்பைத் தெரிவுசெய்கின்றன என்பது. தமிழர் எவரையும் அவளுக்குத் தெரியாது என்பதைக் குழு ஒருமனதாகப் பாராட்டியிருந்தது. தெரியாததால் வந்த ஒரே சிக்கல், யார் வீட்டுக்குப் போவது என்பதும் அவளுக்குத் தெரியவில்லை. ராங்ஹில் கஜேந்தினிக்குத் தொலைபேசி எடுத்தார்.

"உன்னுடைய நெருக்கம் இந்த இடத்தில் மிகவும் பயனுள்ளது," என்றார். "இதையும் ஒரு வழியாகப் பார். அடுத்த ஆண்டு நாங்கள் உன்னை மறக்க மாட்டோம்."

அடுத்த ஆண்டு என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் சம்மதித்தாள். வேறு எதைப் பிடிப்பது?

சில்யே ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தாள். அம்மா மனோன்மணி விடியலிலிருந்து அடுப்படியில் நின்றார். ரோல்ஸ், வடை, பற்றிஸ் என்று மேசை நிறைந்துவிட்டதால் கருவியை வைக்க இடம் தேட வேண்டியிருந்தது. கடைசியில் அதைச் சட்னிக் கிண்ணத்துக்கும் வடைத் தட்டுக்கும் நடுவே வைத்தார்கள். மனோன்மணி முதியோர் இல்லத்துச் சமையலறையில் வருடக் கணக்காக வேலை செய்கிறவர். நோர்வேஜிய மொழியில் சண்டைகூடப் பிடிப்பார். ஆனால் தாய்மொழியில்தான் உண்மை வரும் என்று நிலையத்தின் கையேட்டில் இருந்தது. எனவே சில்யே கேட்ட கேள்வி மனோன்மணிக்கு நன்றாக விளங்கிய பிறகு, கஜேந்தினி அதைத் தமிழில் சொல்லும் வரைக்கும் எல்லோரும் காத்திருந்தார்கள்.

"நோர்வேயை உங்கள் வீடாக உணர்கிறீர்களா?"

"ஓம்," என்றார் மனோன்மணி.

"ஊரை நினைத்து ஏங்குகிறீர்களா?"

"ஓம்."

"மகளின் படிப்பை நீங்கள்தான் தீர்மானித்தீர்களா?"

"ஓம்."

"மகளை அவளுடைய விருப்பத்துக்கு விட்டீர்களா?"

"ஓம், ஓம். இன்னொரு ரோல்ஸ் வைக்கட்டோ எண்டு கேள் பிள்ளை."

சில்யே பரபரப்பாக எழுதினாள். தேநீர் எடுக்கப் போன அம்மாவின் பின்னாலேயே கஜேந்தினி அடுப்படிக்குள் போனாள்.

"என்னம்மா நீங்கள், எல்லாத்துக்கும் ஓம் ஓம் எண்டுறியள்? ஒண்டுக்கொண்டு பொருந்த வேண்டாமோ?"

"பின்னை என்ன? இல்லை எண்டு சொன்னால் ஏன் இல்லை எண்டு கேப்பாள். ஓம் எண்டால் அடுத்த கேள்விக்குப் போயிடுவாள். தேத்தண்ணி ஆறுதெல்லே?"

திரும்பி வந்தபோது சில்யே புதுத் தாளைப் புரட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இப்போது கஜேந்தினியின் முறை. "நீ உன்னை எந்த இடத்துக்கு உரியவளாக உணர்கிறாய்?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் பிழையில்லை. இருபது வருடத்துக்கு மேலாக எல்லோரும் கேட்டதைத்தான் கேட்டாள். கஜேந்தினி அலுப்போடு கதிரையில் சாய்ந்தாள்.

"நீ?" என்றாள்.

"நானா?" சில்யே சிரித்தாள். "என்னிடம் என்ன இருக்கிறது? நான்... எங்களுக்கு ஒரு குடில் இருக்கிறது. அப்பா கட்டியது." அத்தோடு நிறுத்தினாள். பிறகு, "இருந்தது," என்றாள்.

கஜேந்தினி மேசையில் கிடந்த பேனையைக் கையில் எடுத்தாள்.

"ம்ம். அதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லு."

சில்யே சொன்னாள். தகப்பன் செத்த பிறகு தமையன் குடிலுக்கு மின்சாரம் இழுத்தானாம். தமையன் பெண்சாதி சுவருக்கு வெள்ளை அடித்தாளாம். அப்பா ஒருநாளும் வெள்ளை அடிக்க விட்டிருக்க மாட்டார். யார் எந்தக் கிழமை போவது என்று பேச்சுத் தடித்து, போன ஈஸ்டரிலிருந்து முகம் பார்ப்பதில்லை. தாய் யார் பக்கமும் பேசாமல் கம்பளி பின்னிக்கொண்டிருக்கிறார். கஜேந்தினி கேட்டாள், கேட்டாள், கேட்டுக்கொண்டே இருந்தாள். உன் தமையனுக்குக் குடில் கதவுத் திறப்பைக் கொடுத்தது யார்? வெள்ளை என்றால் ஏன் கூடாது? குடிலில் யார் எங்கே உட்காருவீர்கள்? அடுத்த கேள்வி எது என்று அவளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. சில்யே அழத் தொடங்கியபோது அவளுக்காகக் கவலைப்பட்டாள், ஆனால் பேனை நிற்கவில்லை. அப்படி ஒரு சந்தோசம் அவளுக்கு வாழ்க்கையில் அதற்கு முன் வந்ததில்லை.

மனோன்மணி அழுகிற பிள்ளையின் தட்டில் ஒரு ரோல்ஸை வைத்து முதுகைத் தடவினார்.

"இது எங்கடை ஊர் வேலிச் சண்டைதானே பிள்ளை," என்றார் மகளிடம். "இதைச் சொல்லவோ இந்தப் பிள்ளை இவ்வளவு தூரம் வந்தது?"

கஜேந்தினி அந்த வாரமே உட்கார்ந்து புதிய ஆய்வு முன்மொழிவை எழுதி முடித்தாள். இனி யாரும் தொலைவு என்று சொல்ல முடியாது. தன் வீட்டு மேசையில் நடந்த ஆய்வு. எடுத்துக்கொண்டு ராங்ஹிலின் அறைக்கு ஓடினாள். ராங்ஹில் ஏற்கெனவே ஒலிப்பதிவைக் கேட்டிருந்தார். கண்கள் கலங்கியிருந்தன.

"இது ஒரு திருப்புமுனை," என்றார். "சில்யே தன்னைத் தானே ஆராய்ந்துவிட்டாள். களத்தில் நின்று தன்னை நோக்கித் திரும்பும் துணிச்சல்! அவளுக்கு நேராகக் கலாநிதிப் படிப்புக்கு இடம் கொடுக்கிறோம்."

"கேள்விகளை நான்தானே கேட்டேன்?"

"கேட்டாய். அது ஒரு சங்கடம். தகவலாளி ஆய்வாளரைக் கேள்வி கேட்பது நெறிமுறைக்கு மாறானது, நீ அவளிடம் எழுத்தில் சம்மதம் வாங்கவில்லை. கவலைப்படாதே, நாங்கள் அதைப் பெரிதாக்கப் போவதில்லை."

"நோர்வேஜியர் இனக்குழு இல்லை, குடில் பண்பாடு இல்லை என்றீர்களே?"

"இது குடிலைப் பற்றியது அல்லவே," என்றார் ராங்ஹில் பொறுமையாக. "தமிழ் வீட்டில் ஒரு நோர்வேஜியப் பெண் தன்னைக் கண்டடைவதைப் பற்றியது. சில்யேயின் அறிக்கையில், நன்றியுரையில் நீ இருக்கிறாய். பார்."

பார்த்தாள். 'க., 24, பெண், சிறுபான்மைப் பின்னணி' என்று இருந்தது. சில்யே வாசலில் காத்திருந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். முழுப்பெயரையும் போடத்தான் கேட்டேன், போட்டால் உன் அடையாளத்தைப் பாதுகாக்க முடியாதாம் என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னாள். அவளோடு கோபிக்க முடியவில்லை. அது இன்னும் களைப்பாக இருந்தது.

சில்யேயின் வெற்றியைப் பார்த்த மற்ற மாணவர்களும் புருசெத்துக்குப் போக விரும்பினார்கள். போனவர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, எல்லாக் கேள்விக்கும் ஓம் என்ற பதிலோடு திரும்பி வந்தார்கள். ஆய்வுக்குப் போன இடத்தில் ரோல்ஸ் வாங்கிச் சாப்பிடுவது கையூட்டா என்று நெறிமுறைக் குழு ஒரு மாதம் விவாதித்தது. முடிவில் மாணவர்கள் களத்துக்குப் போவதை விடக் களத்தை நிலையத்துக்குக் கொண்டுவருவது நல்லது என்று தீர்மானித்தார்கள். அப்படி ஒரு பதவி உருவானது. நிரந்தரத் தகவலாளி, அதாவது மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்வதையே வேலையாகச் செய்பவர். இனத்துவக் கற்கையில் பட்டம் கட்டாயம்.

"உன்னை மறக்க மாட்டோம் என்றேன் அல்லவா?" என்றார் ராங்ஹில்.

கஜேந்தினி இரண்டு நாள் யோசிக்க அவகாசம் கேட்டாள். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்திருந்தாள். வீட்டில் வாய் தவறிச் சொன்னதுதான் பிழை.

"பல்கலைக்கழகத்திலையோ பிள்ளை?" தவராசா எழுந்தே விட்டார். "தனி அறையோ?"

"ஓமப்பா."

"கதவிலை பேர் போடுவினமோ?"

அடையாளப் பாதுகாப்புக்காகக் கதவில் 'க.' என்றுதான் போடப்போகிறார்கள் என்பதை அவள் சொல்வதற்குள் அப்பா மேல்மாடிக்குப் போயிருந்தார். இருபது வருட நட்பில் யேசுரட்ணம் முதல்தடவையாக ஒரு கேள்வியும் கேட்காமல் கை கொடுத்தாராம். திரும்பி வந்த அப்பாவின் முகத்தைப் பார்த்த பிறகு எதையும் மறுக்க அவளுக்குத் தெம்பு இருக்கவில்லை.

நிலையத்தில் அவளைவிட அதிகமாகச் சந்தோசப்பட்டவர் தூர்பியோர்ன். அவரைத் தவிர்த்தால், எங்கே போனார் என்று தெரிந்த முதல் பட்டதாரி அவள். அவளைப் படம் பிடித்து, 'இந்தப் பட்டம் உங்களை எங்கே கொண்டுபோகும்?' என்ற கைநூலின் அட்டையில் போட்டார். படத்தில் அவள் ஒரு வட்ட மேசையில், கையில் பேனையோடு உட்கார்ந்திருந்தாள். படம் எடுத்ததும் பேனையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

வேலை அடுத்த கல்வியாண்டில்தான் தொடங்கியது. முதல்நாள், முதலாண்டு மாணவி ஒருத்தியைப் பயிற்சிக்காக அனுப்பினார்கள். ஒஸ்லோவிலேயே ரொம்மனிலிருந்து வந்த தமிழ்ப் பிள்ளை, பெயர் மதுரா. முதலாண்டில் பயிற்சிதான் என்பதால் நெருக்கத்தைப் பொருட்படுத்துவதில்லையாம். புதுப் பேனை, புதுக் கருவி. எதிரே உட்கார்ந்து, இருமி, நோர்வேஜிய மொழியில் கையேட்டிலுள்ள கேள்விகளை வரிசையாகக் கேட்டாள். பேனையை இறுக்கிப் பிடித்திருந்தாள். பதிலைவிடக் கேட்பதில்தான் அவளுக்கு ஆசை என்பது கஜேந்தினிக்குப் பார்த்த உடனேயே விளங்கிவிட்டது. அந்தப் பேனையை அப்படி இறுக்கிப் பிடித்த இன்னொருத்தியை அவளுக்குத் தெரியும்.

பாதியில் மதுரா கருவியை நிறுத்தினாள். கதவைப் பார்த்துவிட்டு, தமிழில், குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அக்கா, ஒண்டு கேக்கட்டோ? அந்தக் கைநூல் அட்டையிலை உங்கடை படத்தைப் பாத்துத்தான் நான் இதுக்கு வந்தனான். சின்னனிலை இருந்து எல்லாரும் என்னைத்தான் கேள்வி கேக்கினம். இதைப் படிச்சு முடிச்சால், பிறகு நாங்கள் கேக்கலாம்தானே?"

கஜேந்தினி அந்தப் பிள்ளையைப் பார்த்தாள். சொல்வதற்கு நிறைய இருந்தது. வாஃபலில் தொடங்கிச் சொல்ல வேண்டும். 'இல்லை' என்று சொன்னால் ஏன் இல்லை என்று கேட்பாள்.

"ஓம்," என்றாள்.

மதுராவின் முகம் மலர்ந்தது. கருவியைத் திரும்பவும் அழுத்திவிட்டு, பேனையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த கேள்விக்குப் போனாள்.